வாசகர் கேள்வி – பதில்: நல்ல ஷேவிங் சோப்பை அறிவது எப்படி?

பிரஷ்ஷால் நுரை எழுப்பி, பிளேடு மாட்டும் ரேசரால் சவரம் செய்யும் பழைய முறைக்குத் திரும்பியிருக்கும் வாசகர்கள் பலர், அதற்கான சோப்பின் தரத்தை எப்படி அறிவது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: என்னிடம் உள்ளூர்க் கடையில் வாங்கிய வட்டச் சோப் ஒன்று இருக்கிறது, மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த, மரக்கிண்ணத்தில் வைத்த சோப் ஒன்றும் இருக்கிறது. இரண்டிலும் நுரை நன்றாகவே பொங்குகிறது. எதை வைத்துத் தரத்தைச் சொல்வது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நுரை பொங்குவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பொங்கிய நுரையில் பெரும்பகுதி காற்று. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே நின்று வேலை செய்வது சோப்பும் தண்ணீரும் சேர்ந்த மெல்லிய படலம்தான். ஆகவே, பிளேடு ஒரு முறை கடந்து சென்ற பிறகும் தோலில் எவ்வளவு வழவழப்பு மிச்சமிருக்கிறது என்பதையே நான் தரத்தின் முதல் அளவாகக் கொள்கிறேன்.

அதற்கு ஏன் முதலிடம் தருகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாடி முடி தண்ணீரை உறிஞ்சினால் மென்மையாகி, வெட்டுவதற்குக் குறைந்த விசையே போதும் என்ற நிலைக்கு வருகிறது. அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஈரத்தில் ஊற வேண்டும். முடியின் மேலுள்ள எண்ணெய்ப் பசையை அகற்றித் தண்ணீர் உள்ளே செல்ல வழிவிடுவதும், சென்ற ஈரம் காய்ந்துவிடாமல் மூடிவைப்பதும் சோப்பின் முதல் வேலை. இதை ஏறக்குறைய எந்தச் சோப்பும் செய்துவிடும். பிளேடின் அழுத்தம் நேரடியாகத் தோலில் விழாமல் தாங்குவது இரண்டாவது வேலை. மூன்றாவது வழுக்கல், அதாவது பிளேடு தடையின்றி நகர்வது. தாடையின் விளிம்பிலும் கழுத்திலும், இழுத்த இடத்தையே நுரையில்லாமல் மறுபடி ஒரு முறை இழுக்காதவர்கள் மிகச் சிலர். தோல் சிவப்பதும் எரிவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது இழுப்பில்தான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் காப்பாற்றுவது தோலில் எஞ்சியிருக்கும் வழவழப்பு மட்டுமே.

இதைச் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். பிரஷ்ஷை நனைத்து நன்றாக உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடம் வட்டமாகச் சுழற்றிப் போதுமான சோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளங்கையிலோ கிண்ணத்திலோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக் கலக்குங்கள். முதலில் பசைபோல் வறண்டு, பிரஷ்ஷைத் தூக்கினால் கூர்கூராக நிற்கும். பார்வைக்கு அழகாக இருப்பதால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்; உண்மையில் அது இன்னும் தயாராகவில்லை. மேலும் சில சொட்டுகள் சேர்த்துக் கலக்கும்போது குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்து, மேற்பரப்பில் ஒரு பளபளப்பு ஏறி, நுரை கட்டித் தயிரின் பதத்துக்கு வரும். அப்போது அதில் கொஞ்சம் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தித் தேயுங்கள். நல்ல சோப்பானால் எவ்வளவு அழுத்தினாலும் விரல் ரேகைகள் ஒன்றோடொன்று உரசுவது தெரியாது. சாதாரணச் சோப்பானால் நான்கைந்து தேய்ப்பிலேயே நுரை கரைந்து, தோலும் தோலும் பற்றிக்கொள்ளும்.

அதோடு நிறுத்தாமல் இன்னும் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போய்ப் பாருங்கள். மட்டமான சோப்பின் நுரை சீக்கிரமே பெரிய குமிழிகளாக உடைந்து நீர்த்துப்போகும். தரமான சோப் வியக்கத்தக்க அளவு தண்ணீரை ஏற்றுக்கொண்டு, ஏற்க ஏற்க வழவழப்பு கூடிக்கொண்டே போகும். எவ்வளவு தண்ணீரைத் தாங்குகிறது என்பதைப்போல் ஒரு சோப்பின் உள்ளிருப்பைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் வேறில்லை. கடைசியாக, ஒரு கரண்டி நுரையைத் தட்டில் வைத்துவிட்டுச் சவரத்தை முடித்துவிட்டு வந்து பாருங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் அது வைத்தபடி இருக்கிறதா, அல்லது மேலே வறண்டு அடியில் தண்ணீர் கசிந்திருக்கிறதா என்பதே நுரையின் நிலைத்தன்மையைச் சொல்லிவிடும்.

உங்களிடம் இரண்டு சோப்புகள் இருப்பதால் இன்னும் நேர்மையான சோதனை ஒன்று உண்டு. முகத்தின் வலப்பக்கத்துக்கு ஒரு சோப்பையும் இடப்பக்கத்துக்கு மற்றொன்றையும் பூசிச் சவரம் செய்யுங்கள். மறுநாள் பக்கத்தை மாற்றுங்கள். பிளேடும் தண்ணீரும் கையும் ஒன்றாக இருப்பதால் தெரியும் வேறுபாடு சோப்பினுடையதாகவே இருக்கும். பிளேடையும் பிரஷ்ஷையும் சோப்பையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுப் புதுச் சோப் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை.

கேள்வி: கம்பளிக் கொழுப்பு (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின்) சேர்த்த இங்கிலாந்துச் சோப் ஒன்றை எல்லோரும் புகழ்கிறார்கள் என்று வாங்கினேன். எங்கள் வீட்டில் அது நுரைக்கவே இல்லை; திரிந்த பால்போல் துணுக்குத் துணுக்காகப் பிரிகிறது. போலிச் சரக்காக இருக்குமா?
— வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: போலி என்று முடிவு செய்வதற்கு முன் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். உங்கள் பகுதியில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான் குளியலறைக்கு வருகிறது. அதில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பிலுள்ள ஸ்டியரிக், பால்மிடிக் என்ற கொழுப்பமிலங்களோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத உப்புகளாகிவிடுகின்றன. நீங்கள் கண்ட துணுக்குகள் அவைதான். வாஷ்பேசினில் படியும் வெள்ளைக் கறையும் அதுவே. ஷேவிங் சோப்பின் சிறப்புக்குக் காரணமான அதே நீண்ட கொழுப்பமிலங்கள்தான் உப்புத் தண்ணீரில் முதலில் அடிபடுகின்றன என்பதால், எவ்வளவு உயர்ந்த சோப்போ அவ்வளவு ஏமாற்றம் ஏற்படுவதும் உண்டு.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர், கணக்குப்படி ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் சோப்பை வீணாக்கும். நுரைக்குத் தேவைப்படும் தண்ணீர் சில தேக்கரண்டிகள்தான் என்பதால் இழப்பு பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் அப்போது உண்டாகும் கரையாத நுண்துகள்கள் குமிழியின் சவ்வை உடைத்துவிடுவதால், மீதமுள்ள நல்ல சோப்பாலும் நுரையை நிலைநிறுத்த முடிவதில்லை.

தீர்வு எளிது. ஒரு சிறிய டம்ளரில் ஆர்.ஓ. தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ எடுத்துக்கொண்டு, பிரஷ்ஷை ஊறவைப்பதற்கும் நுரை கலக்குவதற்கும் அதை மட்டும் பயன்படுத்துங்கள். தாடியை முன்கூட்டி நனைக்கவும் கடைசியில் முகம் கழுவவும் வழக்கமான தண்ணீர் போதும். முன்பு உப்புத் தண்ணீரில் தோய்ந்த பிரஷ்ஷானால் அதில் பழைய படிவு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுத் தொடங்குங்கள். வெறுமனே கொதிக்கவைத்து ஆறவைத்தால் கடினத்தன்மையின் ஒரு பகுதிதான் நீங்கும். நல்ல தண்ணீரிலும் அது நுரைக்கவில்லை என்றால், அப்போது சரக்கைச் சந்தேகிக்கலாம். எப்போதும் உப்புத் தண்ணீரில்தான் சவரம் என்றால், பெட்டியின் உட்பொருள் பட்டியலில் டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ. அல்லது டெட்ராசோடியம் எடிட்ரோனேட் என்று இருக்கும் சோப்பைத் தேர்ந்தெடுங்கள். அவை கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருள்கள்.

கேள்வி: பெட்டியில் அச்சிட்டிருக்கும் உட்பொருள் பட்டியலைப் பார்த்து, வாங்குவதற்கு முன்பே தரத்தைக் கணிக்க முடியுமா?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: மோசமானதை ஒதுக்கப் பட்டியல் உதவும், நல்லவற்றுள் சிறந்ததைத் தேர உதவாது.

பட்டியலில் பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி வரிசைப்படுத்தப்பட்டிருக்கும் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். அடுத்து, சோப் என்பது கொழுப்பமிலமும் காரமும் சேர்ந்தது. காஸ்டிக் சோடாவில் செய்தால் சோடியம் என்ற பெயரோடு கெட்டியான சோப் கிடைக்கும். காஸ்டிக் பொட்டாஷில் செய்தால் பொட்டாசியம் என்ற பெயரோடு, மென்மையான, தண்ணீரில் எளிதில் கரையும் சோப் கிடைக்கும். குளியல் சோப்பில் பொதுவாகச் சோடியம் மட்டுமே இருக்கும். நல்ல ஷேவிங் சோப்பில் இரண்டும் கலந்திருப்பதே வழக்கம். சில நிறுவனங்கள் பொட்டாசியம் ஸ்டியரேட் என்று விளைபொருளின் பெயரை அச்சிடுகின்றன. சில, ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று கலக்கும் முன்னிருந்த பொருள்களின் பெயர்களை அச்சிடுகின்றன. பின்னதைப் பார்த்து, முகத்தில் காஸ்டிக் பூசுகிறோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. முறையாகச் செய்த சோப்பில் அந்தக் காரம் முழுவதும் கொழுப்போடு சேர்ந்து தீர்ந்துபோயிருக்கும்.

பட்டியலின் தொடக்கத்தில் ஸ்டியரிக் அல்லது ஸ்டியரேட், மாட்டுக் கொழுப்பு போன்ற விலங்குக் கொழுப்பைக் குறிக்கும் டாலோவேட், இவற்றுள் ஒன்றும், பொட்டாசியம் என்ற சொல்லும் இருந்தால் நம்பிக்கை கொள்ளலாம். சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று தொடங்கி, ஸ்டியரிக்கோ பொட்டாசியமோ எங்குமே தென்படாவிட்டால், குளியல் சோப் மூலப்பொருளையே வட்டமாக வார்த்து ஷேவிங் என்று பெயர் எழுதியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் கிளிசரின் சோப்புகளில் புரொப்பிலீன் கிளைகால், சார்பிட்டால், சோடியம் லாரெத் சல்பேட் போன்றவை முன்வரிசையில் இருக்கும். அவை பார்க்க அழகானவை, உடனே நுரைப்பவை, ஆனால் ஒரு கன்னத்தை முடிப்பதற்குள் மறு கன்னத்தில் காய்ந்துவிடுபவை. நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

கம்பளிக் கொழுப்பு, ஷியா வெண்ணெய், ஆமணக்கு எண்ணெய், பென்டோனைட் களிமண் என்று அட்டையின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அவை பட்டியலில் வாசனைப் பொருளுக்கு முன்னால் வருகின்றனவா, பின்னால் வருகின்றனவா என்று பாருங்கள். சோப்பில் வாசனை பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம்தான் சேர்க்கப்படும். அதற்கும் பின்னால் வருவது விளம்பரத்துக்காகச் சேர்த்த துளி.

கேள்வி: நான் சைவம். மாட்டுக் கொழுப்புச் சோப்புக்கு நிகரானது தாவர எண்ணெயில் கிடையாது என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், காஞ்சிபுரம்

பதில்: உண்மையல்ல, ஆனால் அப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாட்டுக் கொழுப்பில் தோராயமாகக் கால் பங்கு பால்மிடிக் அமிலமும் ஐந்தில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலமும் இருக்கின்றன. கெட்டியான, நீடித்த நுரைக்கு வேண்டியவை இவ்விரண்டும். ஐரோப்பிய நிறுவனங்கள் பல கொழுப்பைக் கைவிட்டுப் பனை எண்ணெய்க்கு மாறியபோது, பால்மிடிக் தேவைக்கு மேல் கிடைத்தது. ஸ்டியரிக்கோ பனை எண்ணெயில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. அதை ஈடுகட்டாமல் எண்ணெயை மட்டும் மாற்றிய சோப்புகளின் தரம் இறங்கியது. பழைய வாடிக்கையாளர்கள் மனம் வெறுத்து, கொழுப்பு இல்லாவிட்டால் சோப்பே இல்லை என்று பேசத் தொடங்கினார்கள்.

ஸ்டியரிக் அமிலத்தைத் தனியாகச் சேர்த்துச் செய்தவர்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. ஸ்டியரிக் மாட்டிலிருந்து வந்தாலும் மரத்திலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். பிரான்சின் மார்ட்டின் டி காந்த்ரே சோப் முழுக்கத் தாவர எண்ணெயில் செய்யப்படுவது. உட்பொருள்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. ஆயினும் உலகின் சிறந்த ஷேவிங் சோப்புகளுள் ஒன்றாக அதை மதிப்பவர்கள் மிகப் பலர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் கோகம் விதையின் வெண்ணெயில் பாதிக்கு மேல் ஸ்டியரிக் இருக்கிறது. கைத்தொழிலாகச் சோப் செய்வோர் அதை இன்னும் அதிகமாகக் கையாளலாம் என்பது என் விருப்பம்.

சைவம் என்பதில் உறுதியாக இருப்பவர் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஸ்டியரிக் ஆசிட், கிளிசரின் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அவை எந்த மூலத்திலிருந்தும் வந்திருக்கலாம். சைவம் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பிரஷ். பேட்ஜர் என்றால் வளைக்கரடியின் முடி, போர் என்றால் பன்றி முடி. இப்போது கிடைக்கும் செயற்கை இழைப் பிரஷ்கள் எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. குறைந்த சோப்பில் விரைவாக நுரைப்பவையும் அவைதான்.

கேள்வி: இருநூறு ஆண்டுப் பழமையான நிறுவனம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: கூடாது. லண்டனின் டி.ஆர். ஹாரிஸ் 1790 என்றும், ட்ரூஃபிட் அண்ட் ஹில் 1805 என்றும், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தோன்றிய வில்லியம்ஸ் 1840 என்றும் தங்கள் தொடக்கத்தைச் சொல்கின்றன. அந்த ஆண்டுகள் பெயருக்கு உரியவை; இன்று உங்கள் கையிலிருக்கும் கட்டியின் செய்முறைக்கு உரியவை அல்ல. உரிமையாளர்கள் மாறுகிறார்கள், சோப்பை வேறொருவர் ஆலையில் செய்து வாங்குகிறார்கள், சட்டம் மாறும்போது உட்பொருள் மாறுகிறது. ஜெர்மனியின் டபாக் 1959-இல் அறிமுகமானது. நெடுங்காலம் கொழுப்பில் செய்யப்பட்ட அதன் சோப் அண்மை ஆண்டுகளில் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டது. லிலியல் என்ற வாசனைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் தடைசெய்தபோது, அதைப் பயன்படுத்திவந்த பழைய தயாரிப்புகள் வாசனையையே மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. ஆகவே ஒரு சோப்பைப் பற்றிய பாராட்டைப் படிக்கும்போது, அது எந்த ஆண்டுச் சரக்கைப் பற்றியது என்று பார்ப்பது அவசியம்.

கேள்வி: வாசனை நாள் முழுவதும் நிற்பது உயர்தரத்தின் அடையாளமா?
— வாசகர், சேலம்

பதில்: இல்லை. வாசனை விருப்பம் சார்ந்தது. சவரத்துக்கு அது எதையும் செய்வதில்லை. தோல் எளிதில் சிவப்பவர்கள் மெல்லிய வாசனை உள்ளதையோ வாசனையே இல்லாததையோ தேர்வதே நல்லது.

கேள்வி: கெட்டிக் கட்டியாக வருவது, பசைபோல் கிண்ணத்தில் வருவது, குச்சியாக வருவது என்று வகைகள் இருக்கின்றன. எது சிக்கனம்? எது தரம்?
— வாசகர், பெங்களூரு

பதில்: வகை வேறு, தரம் வேறு. கெட்டிக் கட்டி என்பது, காய்ந்த சோப் சீவல்களை உருளைகளுக்கிடையே பல முறை அரைத்து அழுத்தி வார்த்தது. ஈரம் குறைவு, கரைவது மெதுவாக. இத்தாலியின் பழைய முறைச் சோப்புகள், எடுத்துக்காட்டாக 1899-இல் மிலானில் தோன்றிய செல்லா, பசைபோல் மென்மையானவை. பிரஷ் பட்டதும் ஏறிக்கொள்ளும், புதிதாகக் கற்பவருக்கு எளிது, ஆனால் தேவைக்கு மேல் எடுத்துவிடுவதும் எளிது. துருக்கியின் ஆர்கோ போன்ற குச்சிச் சோப்பை நனைந்த தாடியின் மேலேயே தேய்த்துவிட்டு, முகத்திலேயே பிரஷ்ஷால் நுரை எழுப்பலாம். விலை குறைவு, பயணத்துக்கு ஏற்றது, தரத்தில் தன்னைவிடப் பல மடங்கு விலையுள்ளவற்றுக்கு ஈடுகொடுப்பது. அதன் வாசனை மட்டும் எல்லோருக்கும் பிடிப்பதில்லை.

சிக்கனத்தை எடைபோட்டுத்தான் அறிய முடியும். புதுக் கட்டியைச் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அதை மட்டும் பயன்படுத்திவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மறுபடி எடைபோடுங்கள். குறைந்த எடையைச் சவரங்களின் எண்ணிக்கையால் வகுத்து, கிராம் விலையால் பெருக்கினால் ஒரு சவரத்தின் செலவு கிடைக்கும். ஒரு சவரத்துக்கு ஒரு கிராம் கரைகிறது என்றால் நூறு கிராம் கட்டி நூறு சவரத்துக்கு வரும். இப்படிக் கணக்கிட்டுப் பார்த்தால், வாங்கும்போது விலை உயர்ந்ததாகத் தோன்றிய கட்டி, டியூபில் வரும் ஷேவிங் கிரீமைவிட மலிவாக முடிவது உண்டு.

கேள்வி: எந்தச் சோப்பைப் போட்டாலும் சவரத்துக்குப் பின் முகம் எரிகிறது. சோப்பில்தான் குறையா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: எரிச்சல் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். பிளேடு படுவதற்கு முன்பே, நுரை பூசிய ஒன்றிரண்டு நிமிடத்தில் எரிந்தால் குற்றம் சோப்பில் இருக்கிறது: வாசனைப் பொருள், மென்தால், அல்லது சரியாகச் செய்யப்படாத சோப்பில் மிஞ்சிய காரம். அந்தச் சோப்பின் நுரையை முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். எரிச்சல் இல்லாமல், கழுவி அரைமணி நேரத்தில் முகம் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால், தேங்காய் எண்ணெய்ப் பங்கு அதிகமான சோப்பாக இருக்கலாம். எந்த உண்மையான சோப்பும் காரத்தன்மை உடையதுதான், அதன் பி.எச். அளவு ஒன்பது, பத்து வரை இருக்கும், தோலினுடையதோ ஐந்தை ஒட்டியது. நலமான தோல் சில மணி நேரத்தில் தன் நிலைக்குத் திரும்பிவிடும். வறண்ட தோல் உடையவர்களுக்குத்தான் இது தொல்லை.

பிளேடு சென்ற பிறகு மட்டும், அதுவும் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் எரிந்தால், சோப்பை விட்டுவிட்டுக் கையைக் கவனியுங்கள். இதற்குப் படிகாரத்தைவிடச் சிறந்த சோதனை இல்லை. சவரம் முடிந்து முகம் கழுவியதும் படிகாரக் கட்டியை நனைத்து முகம் முழுவதும் மெதுவாகத் தேயுங்கள். எங்கே சுரீர் என்று பிடிக்கிறதோ அங்கே பிளேடு தோலைச் சுரண்டியிருக்கிறது. தொடர்ந்து சில நாள் ஒரே இடத்தில், பெரும்பாலும் தொண்டைக்குழிக்கு மேலேயோ தாடை மூலையிலோ, பிடித்தால் அங்கே முடி வளரும் திசையை நீங்கள் தவறாக எடுத்துக்கொண்டிருக்கலாம், அல்லது அதிகமாக அழுத்தலாம். படிகாரம் எங்குமே பிடிக்காமல் முகம் மட்டும் சிவந்து தடிக்குமானால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் பிரிக்காத பழைய சோப் ஒன்று கிடைத்தது. பயன்படுத்தலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: சோப் எளிதில் கெடுவதில்லை. வாசனை போயிருக்கும், ஓரங்கள் வெடித்திருக்கும், அதனால் குறையில்லை. ஆரஞ்சு நிறப் புள்ளிகளோ சிக்கடித்த எண்ணெய் நாற்றமோ இருந்தால் மிஞ்சிய கொழுப்பு கெட்டுவிட்டது என்று பொருள். அதை முகத்தில் போட வேண்டாம். நன்றாக இருந்தால் மேற்பரப்பைக் கத்தியால் மெல்லியதாகச் சீவிவிட்டு, சில துளி வெந்நீரைக் கால் மணி நேரம் அதன் மேல் நிறுத்தி, பிறகு பிரஷ்ஷைச் சுழற்றுங்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கொண்டு வீட்டில் குளியல் சோப் செய்கிறேன். அதையே சவரத்துக்குப் பயன்படுத்தினால் நுரை உடனே அடங்கி முகமும் வறள்கிறது. எதை மாற்றினால் நல்ல ஷேவிங் சோப் ஆகும்?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். தேங்காய் எண்ணெயில் பாதி லாரிக் அமிலம். அது உடனே கரைந்து பெரிய குமிழிகளாக நுரைக்கும். உப்பு மிகுந்த கடல்நீரிலும் நுரைக்கும் சோப் தேங்காய் எண்ணெயில்தான் செய்யப்படுகிறது. ஆனால் அந்தக் குமிழிகள் நிலைப்பதில்லை. தோலின் எண்ணெயையும் அது அதிகமாக எடுத்துவிடுகிறது. சவரத்துக்கு, மொத்தக் கொழுப்பில் பாதி அளவுக்கு ஸ்டியரிக் அமிலத்தைச் சேர்த்து, தேங்காய் எண்ணெயைக் கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியைக் கோகம் வெண்ணெய், சிறிது ஆமணக்கு எண்ணெய் என்று நிரப்பலாம். காரத்திலும் மாற்றம் வேண்டும்: காஸ்டிக் பொட்டாஷ் அதிகமாகவும் காஸ்டிக் சோடா குறைவாகவும், அறுபதுக்கு நாற்பது என்ற விகிதத்தில் தொடங்கலாம். கடையில் கிடைக்கும் காஸ்டிக் பொட்டாஷ் பெரும்பாலும் தொண்ணூறு சதவீதத் தூய்மை உடையது என்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் காரம் குறைந்துவிடும். ஒவ்வொரு கொழுப்புக்கும் வேண்டிய காரத்தைத் தனித்தனியே கணக்கிட்டு, மூன்று முதல் ஐந்து சதவீதம் கொழுப்பு மிஞ்சும்படி விடுங்கள்.

நீங்கள் குளியல் சோப்புக்குச் செய்வதுபோல் சூடாக்காமல் கலந்து ஊற்றும் முறை இதற்கு ஒத்துவராது. ஸ்டியரிக் உருகவே எழுபது பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும். உருகியதும் காரம் பட்ட நொடியில் கட்டிகட்டியாகிவிடும். ஆகவே எவர்சில்வர் பாத்திரத்தில், வெந்நீர்ச் சூட்டில் வைத்து, கட்டிகள் கரைந்து ஒரே சீரான களியாகும்வரை கிளறுங்கள். அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் அரித்துவிடும். காரத்தைத் தண்ணீரில் போட வேண்டுமே தவிர, காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது; கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் தொடங்க வேண்டாம். வெந்து முடிந்த பிறகு கிளிசரின் ஐந்து சதவீதம் சேர்த்தால் நுரையில் ஈரம் நிற்கும்.

முகத்தில் போடுவதற்கு முன் மிஞ்சிய காரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு சிட்டிகைச் சோப்பைச் சூடான ஆல்கஹாலில் கரைத்து, பள்ளி ஆய்வகங்களில் பயன்படும் பினாப்தலின் கரைசலை அதில் ஒரு சொட்டு விடுங்கள். ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது என்பதால் அதை அடுப்பில் வைக்காமல் வெந்நீரில் நிறுத்திச் சூடாக்குங்கள். நிறம் மாறாவிட்டால் சரி. இளஞ்சிவப்பானால் காரம் மிஞ்சியிருக்கிறது. இந்தச் சோதனையைத் தண்ணீரில் செய்தால் எந்தச் சோப்பும் சிவக்கும், அதனால் எதுவும் தெரியவராது. முதல் கட்டியிலேயே எல்லாம் அமைந்துவிடாது. எடைகளைக் குறித்துவைத்து, ஸ்டியரிக்கின் அளவையோ பொட்டாஷின் பங்கையோ ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நூறு கிராம் அளவுச் சிறு கட்டிகளாகச் செய்துபாருங்கள். நுரை கூர்கூராக நின்றும் வழவழப்பு போதவில்லை என்றால் ஸ்டியரிக்கைக் கொஞ்சம் குறைத்து ஆமணக்கைக் கூட்டுங்கள். பிரஷ்ஷில் ஏறவே நேரமாகிறது என்றால் பொட்டாஷைக் கூட்டுங்கள்.